ஆறே மாதத்தில் வழுக்கையான டைமண்ட் பிளேட்: தப்பு தகட்டிலா, என்னிடமா?

அம்மாபேட்டை ஆசாரி:

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில் என்று ஆரம்பித்தது, இப்போது வருமானத்தில் முக்கால்வாசி மாடுலர் கிச்சனில்தான். ஆனாலும் தேக்கு நிலை, தேக்குக் கதவு என்று யாராவது தேடி வந்தால் மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு உளியையும் கை இழைப்புளியையும் எடுத்துவிடுவேன். அதற்காகத்தான் இந்தக் கேள்வி.

அப்பா கடைசி வரைக்கும் ஒரே ஒரு கறுப்புக் கார்போரண்டம் கல்லை வைத்துத் தொழில் செய்தார். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து பழைய மருந்து பாட்டிலில் வைத்திருப்பார், மூடியில் ஆணியால் குத்திய ஓட்டை. கல் நடுவில் குழிந்து பரிசல் மாதிரி இருக்கும். "குழியில தீட்டிப் பழகினவனுக்குக் குழியிலயே கூர் வரும்" என்பார். அவர் கைக்கு வந்தது. என் கைக்கு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் கிங் கம்பெனியின் 1000/6000 தண்ணீர்க் கல் வாங்கினேன். ஒரு பக்கம் 1000 நம்பர், மறுபக்கம் 6000, நம்பர் ஏற ஏற நைஸ். முதல் வாரம் உளியின் முதுகைப் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி மின்னியது. தண்ணீர்க் கல் வேகமாகத் தீட்டும், அதே வேகத்தில் தானும் தேயும் என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது. நாலே மாதத்தில் 1000 பக்கத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் வெளிச்சம். ஏ4 தாளை இரண்டாக மடித்து அடியில் செருகினேன், தடையில்லாமல் போனது. அந்தத் தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் என்றால் பள்ளம் 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாது.

இத்தனூண்டு பள்ளம் என்ன செய்யும் என்று நினைத்தேன். இழைப்புளி பிளேடின் வாய் நேராக இல்லாமல் பிறை மாதிரி வளைந்துவிட்டது. உளி அதைவிட மோசம். நிலையில் கீல் பதிக்கச் சீவும்போது உளியின் முதுகுதானே நமக்கு மட்டம்? அந்த முதுகு நுனியில் உருண்டுவிட்டால், படுக்க வைத்துத் தள்ளும்போது வாய் மரத்தைப் பிடிக்காமல் வழுக்குகிறது. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் பிடிக்கிறது, தூக்கினால் உள்ளே இறங்கிக் குழி ஆழமாகிவிடுகிறது. ஒரு கதவுக்கு மூன்று கீல். மூன்றுக்கும் அட்டை வைத்துச் சரிக்கட்டின கதையை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அதற்குத்தான் கல்லைத் தேய்த்து மட்டமாக்க ஒரு டைமண்ட் பிளேட், அதாவது வைரப்பொடி பதித்த தகடு, வாங்கினேன். 400 நம்பர். மெல்லிசுத் தகடு, முழுக்க வட்ட வட்ட ஓட்டைகள், விலையும் மலிவு. அடியில் பலகை கொடுத்து ஒட்டிப் பயன்படுத்தினேன். ஆரம்பத்தில் நன்றாகவே கடித்தது. இப்போது நடுவில் கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கிறது, ஓரங்களில் மட்டும்தான் சொரசொரப்பு. 6000 பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அடையாளத்துக்குக் கல் மேல் போட்ட பென்சில் கோடு முழுக்கப் போகும்வரை தேய்த்த பிறகும் ஸ்கேல் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. கோடு போய்விட்டது, பள்ளம் போகவில்லை. இது எப்படி?

அப்பாவின் கறுப்புக் கல்லையும் இதே தகட்டில் ஒருநாள் முக்கால் மணி நேரம் அழுத்தித் தேய்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு தகட்டிலா, என்னிடமா? இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓமலூர் கிரானைட்:

அண்ணா, கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே ஒரு வரி, வழுக்கைக்குக் காரணம் அதுதான்.

நான் ஓமலூர் பக்கம் கிரானைட் கட்டிங் யூனிட்டில் இருக்கிறேன். எங்களுக்கு விடிந்தால் அடைந்தால் வைரத்தோடுதான் பிழைப்பு. எங்கள் கட்டிங் பிளேடின் செக்மெண்டில், அதாவது விளிம்பில் வெட்டுகிற பல்லில், வைரத்தூளை உலோகத்தூளோடு கலந்து அழுத்தி, சூடாக்கி, ஒரே கட்டியாகச் செய்திருப்பார்கள். மேலே இருக்கும் வைரம் உதிர்ந்தால் பிடித்திருக்கும் உலோகமும் தேய்ந்து, அடியில் இருக்கும் அடுத்த வைரம் வெளியே வரும். வெட்டுகிற கல்லைப் பார்த்துத்தான் உலோகத்தை முடிவு செய்வார்கள். கிரானைட் மாதிரி கெட்டியான கல்லுக்கு மிருதுவான உலோகம், மணற்கல் மாதிரி அரிக்கிற கல்லுக்குக் கெட்டியான உலோகம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். மணற்கல்லில் கழன்று வரும் மணல்தான் பிளேடின் உலோகத்தை அரித்துத் தின்னும், அதற்காகத்தான்.

உங்கள் தகட்டில் இந்த வசதி கிடையாது. ஒரே ஒரு அடுக்கு வைரம், நிக்கல் முலாம் போட்டுப் பிடித்து வைத்தது. ஒவ்வொரு பொடியும் பாதி முலாமுக்குள் புதைந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் இரண்டாவது அடுக்கு கிடையாது. அப்பாவின் கறுப்புக் கல் என்பது சிலிக்கான் கார்பைடு, வைரத்தைவிட மிருதுதான், ஆனாலும் நிக்கலைவிட எவ்வளவோ கெட்டி. அதில் கரடு பக்கத்தை முக்கால் மணி நேரம் தேய்த்தால் கழன்று வரும் பொடி அத்தனையும் கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே உருளும். உருண்டு உருண்டு நிக்கலைச் சுரண்டும். நிக்கல் போனால் வைரத்துக்குப் பிடிமானம் இல்லை, பொலபொல என்று கொட்டிவிடும். உங்கள் வைரம் தேயவில்லை அண்ணா, கழுவின தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

ஒரு உபரிச் செய்தி. 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சியபோது கிடைத்த பொருள் இது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து கார்போரண்டம் என்று பெயர் வைத்துவிட்டார். அந்தக் கொரண்டம் என்ற சொல்லே குருந்தம் என்ற நம் கல்லின் பெயரிலிருந்து போனது. அப்பா வைத்திருந்த கல்லின் பெயரில் பாதி தமிழ்.

சரி, தகட்டுக்கு வருகிறேன். தண்ணீர்க் கல் உங்கள் கறுப்புக் கல் அளவுக்குத் தகட்டைப் படுத்தாது. ஆனால் விதி ஒன்றுதான்: தேய்ந்து வரும் பொடி சேறாகச் சேரவே விடக்கூடாது. நிறையத் தண்ணீர், பத்து இழுப்புக்கு ஒரு தரம் இரண்டையும் அலசுங்கள். அழுத்த வேண்டாம், கையின் எடை போதும். அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியாது, வைரம்தான் பிடுங்கிக்கொண்டு வரும். அடுத்து வாங்கும்போது 400 வேண்டாம், 140 மாதிரி கரடாக வாங்குங்கள். கரடு தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் போக வழி இருக்கும், 6000 பக்கம் ஒட்டுவது பெருமளவு குறையும். கறுப்புக் கல்லை மட்டும் அதன் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

கறுப்புக் கல்லுக்கு வேறு வழி இருக்கிறது. 60 அல்லது 80 நம்பர் கார்போரண்டம் தூளைக் கடப்பாக் கல் துண்டின் மேல் தூவி, தண்ணீர் விட்டு, கல்லைக் குப்புறப் போட்டு வட்டமாகத் தேயுங்கள். எண்ணெய் ஊறின கல் என்பதால் தண்ணீர் ஒட்டாமல் விலகி ஓடும், மண்ணெண்ணெய் விட்டாலும் சரி. தூள் கிடைக்காவிட்டால் மெக்கானிக் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் டப்பா கேளுங்கள், அதில் கரடு இருக்கும் பக்கம். கடப்பாவில் ஒரே இடத்தில் தேய்த்தால் கடப்பாவும் குழியும், இடம் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. கோடு போனது, பள்ளம் போகவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான், தகடும் கல்லும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. கல் குழி, தகடு அதே அளவு மேடு. இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள். தகட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பலகை கொடுத்து ஒட்டினேன் என்றீர்களே, என்ன பலகை அது?

அம்மாபேட்டை ஆசாரி:

தம்பி, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டீர்கள்.

பிளைவுட். அதுவும் பட்டறையில் மீந்து கிடந்த 12 எம்எம் கமர்ஷியல் பிளை. ரப்பர் கம் போட்டு ஒட்டினேன். ஊருக்கெல்லாம் சிங்க் அடியில் தண்ணீர் தாங்கும் மெரைன் பிளை, ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள் என்று பாடம் எடுக்கிறவன் நான். தினமும் தண்ணீர் படுகிற தகட்டுக்குக் கமர்ஷியல் பிளை.

இப்போதுதான் போய் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் உப்பியிருக்கிறது. தகட்டின் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி பிளை ஊறி, மேல் ஏடு எழும்பிவிட்டது. இரண்டு முனையிலும் மடித்த தாள் தாராளமாகப் போகிறது. கல்லின் பள்ளத்துக்கு அச்சு வார்த்த மாதிரி.

மனைவியிடம் சொன்னேன். "ஊரான் வீட்டு சிங்க்குனா மட்டும் ஞாபகம் வருது" என்றாள்.

ஏற்காடு மேஸ்திரி:

தம்பி, மலை மேலிருந்து ஒரு கிழவன் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். காப்பித் தோட்டத்தில் நாற்பது வருடம். அறுவடை முடிந்ததும் கவாத்து ஆரம்பிக்கும், அப்போது என் கைக்குத் தினமும் பதினைந்து இருபது கத்தரியும் கத்தியும் வரும். டைமண்ட் பிளேட் ஒன்றைக்கூட நான் இதுவரை வாங்கினதில்லை.

கண்ணாடிக் கடையில் 8 எம்எம் கண்ணாடித் துண்டு கேட்டு வாங்குங்கள், ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். அதன் மேல் தண்ணீர் தெளித்து 220 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயிண்டர் வாங்குகிற அதே பேப்பர்தான். கல்லைக் குப்புறப் போட்டுத் தேயுங்கள். ஒரு பேப்பர் இரண்டு மூன்று தடவைக்கு வரும், அப்புறம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. உங்கள் மாதிரி பிளை உப்பியது, வைரம் கொட்டியது என்ற வம்பே இல்லை. கண்ணாடியைச் சமமான மேடையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மெல்லிசுக் கண்ணாடி என்றால் அழுத்தும்போது வளையும், அதனால்தான் 8 எம்எம் சொன்னேன். தேய்த்து முடித்ததும் கல்லை நன்றாக அலசுங்கள், பேப்பரின் பொடி கல்லில் பதிந்திருந்தால் கூரில் கீறல் விழும்.

இன்னொன்று. எல்லாக் கருவிக்கும் மட்டமான கல் தேவை என்று நினைத்துவிடாதீர்கள். இழைப்புளி, உளி, சரி. கவாத்துக் கத்தரியின் வளைந்த அலகுக்கும் அரிவாளுக்கும் மட்டக்கல் எதற்கு? நான் என் பழைய கல்லின் குழியை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். வளைந்த வாய் அதில் சுகமாக உட்காரும். உங்கள் அப்பா சொன்னது தப்பில்லை, அவர் பாதி சொன்னார்.

ஊற வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நான் அடிபட்டவன். என் பையன் ஒரு விலை உயர்ந்த ஜப்பான் கல் வாங்கி அனுப்பினான். நான் என் பழைய கல்லை வைக்கிற வாளியிலேயே அதையும் போட்டு ஒரு மாதம் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிறது, காய்ந்தபோது குறுக்கே விரிசல். பையன் போனில் கத்தினான். அது மக்னீசியாவால் பிணைத்த கல்லாம், தண்ணீர் தெளித்துப் பயன்படுத்த வேண்டுமே தவிர ஊற வைக்கக் கூடாதாம். அப்போதுதான் உறைத்தது. இருபது கொண்டை ஊசி இறங்கி சேலத்துக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிறதே, வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தது, அந்த வெள்ளைக்கல்லைச் சுட்டால் வருவதுதான் மக்னீசியா. அதைச் சிமெண்ட் மாதிரி இறுக்கிக் கல் செய்கிறார்கள். அந்தப் பிணைப்புக்கு நாள்கணக்கில் தண்ணீர் ஆகாது. வாழ்நாளெல்லாம் அந்த வெள்ளை மேட்டைப் பஸ் ஜன்னலில் பார்த்தவன், வாளியில் போட்டுக் கெடுத்த பிறகுதான் அதைத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கிங் கல் வேறு ரகம். 1000 பக்கம் ஐந்து பத்து நிமிடம் ஊறினால் குமிழி அடங்கிவிடும். 6000 பக்கத்துக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். முடிந்ததும் நிழலில் காய வையுங்கள், வெயிலில் வேண்டாம். இங்கே ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் வாரக்கணக்கில் விலகாது, கல் காயாமல் பூஞ்சை பிடிக்கும். உங்கள் ஊரில் அந்தத் தொல்லை இருக்காது.

ஒவ்வொரு தடவையும் கல்லை மட்டமாக்கச் சொல்பவர்கள் வருவார்கள் பாருங்கள், அவர்கள் பேச்சைக் கேட்டால் கல் உங்கள் கருவியில் தேய்வதைவிடத் தகட்டில்தான் அதிகம் தேயும். மாதம் ஒரு முறை போதும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:

ஒவ்வொரு தடவையும் மட்டமாக்கச் சொல்கிறவன் வந்துவிட்டேன் ஐயா.

எனக்கு வெள்ளிப் பட்டறை. கொலுசில் பூ வெட்டுகிற உளியின் வாய் ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. அகல உளி கல்லில் பள்ளம் போடும், எங்கள் உளி வாய்க்காலே வெட்டும். வாய்க்காலில் விழுந்த உளி அடுத்த தடவையும் அதிலேயே போய் விழும். மாதம் ஒரு முறை என்று விட்டால் எங்களுக்கு முப்பது வாய்க்கால் ஆகிவிடும், அதை எடுக்க அரை மணி நேரம், அரை கல். தீட்டி முடித்த கையோடு தகட்டை இருபது இழுப்பு இழுத்தால் தூசி அளவுதான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருட முடிவில் யாருடைய கல் தடிமனாக இருக்கிறது என்று.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கல் குழிவது மட்டும் பிரச்சினை இல்லை, மேற்புறம் எஃகுப் பொடியால் அடைத்துப் பளபளப்பாகிக் கடிக்காமலும் போகும். வழவழத்துப்போன அம்மியை வீட்டில் கொத்த விடுவார்களே, தகடு போடுவது கல்லுக்கு அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. 1000 கல்லில் பென்சில் போல் கறுப்பு மினுமினுப்பு தெரிந்தால் அது கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

ஆசாரி அண்ணனுக்கு என் கையிலிருந்து சில. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போடுவீர்கள் அல்லவா, நடுவில் ஒரு கட்டம் விட்டுப் போய் அழியாமல் நின்றால் பள்ளம் அங்கேதான். அது அழிந்ததும் உடனே மறுபடி கட்டம் போட்டு, கல்லைத் தலைகீழாகத் திருப்பி, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே சமயம் அழிந்தால் நம்பலாம். தகட்டையே கையில் பிடித்துக் கல் மேல் ஓட்டும்போது கல்லுக்கு வெளியே பாதிக்கு மேல் தொங்க விடாதீர்கள், சாய்ந்து கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும்.

6000 பக்கம் ஒட்டிக்கொண்டால் மேலே தூக்கிப் பிடுங்காதீர்கள். பக்கவாட்டில் வழுக்கி எடுங்கள். பிடுங்கினால் கல் துண்டோடு வரும். எனக்கு வந்தது. குழாயைச் சன்னமாகத் திறந்து விட்டு அதன் அடியிலேயே வைத்துத் தேய்ப்பேன், ஒட்டவே ஒட்டாது. முடித்ததும் கல்லின் நாலு விளிம்பையும் தகட்டைச் சாய்த்து இரண்டு இழுப்பு, கூர் விளிம்பு மழுங்க. இல்லாவிட்டால் அந்த விளிம்பு உடைந்து ஒரு துகள் வாய்க்கடியில் மாட்டும். மாட்டினால் உளி முதுகில் நீளமாக ஒரு கோடு, அன்றைய பொழுது போயிற்று.

1000, 6000 இரண்டையும் ஒரே தகட்டில் போடலாம், ஆனால் 6000 பக்கத்தை முதலில் போடுங்கள். 1000 பக்கத்துச் சேறு 6000 மேல் ஒரு துளி இருந்தாலும் கீறல்தான். 140 தகடு போட்டதும் 6000 பக்கம் கொஞ்சம் முரடாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நகுரா என்று சின்னத் துண்டுக் கல் ஒன்று வரும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சமாதானமாகிவிடும்.

புதுத் தகடு வாங்கினதும் கல்லில் நேராக வைக்காதீர்கள். துருத்திக்கொண்டிருக்கும் சில வைரம் முதல் சில தடவைக்குள் கழன்று வரும், அது 6000 கல்லில் போய்ப் பதிந்தால் ஆயுசுக்கும் கீறும். வேண்டாத பழைய இரும்பில் கொஞ்சம் தேய்த்து, சோப்பு போட்டு பிரஷ்ஷால் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் துணியால் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஈரத்தோடு கல் மேலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் துருவும், ஒட்டியும் போகும்.

மேஸ்திரி ஐயா, கண்ணாடி நல்ல யோசனைதான். ஆனால் வாட்டர் பேப்பர் ஓரத்தில் லேசாக எழும்பும், கல்லின் முன் விளிம்பை உருட்டிவிடும். உங்கள் கத்தரிக்குத் தெரியாது, எங்கள் உளிக்குத் தெரியும்.

ஏற்காடு மேஸ்திரி:

பேப்பரை எப்படி விரிக்க வேண்டும் என்று ஒருநாள் மேலே வாருங்கள், காட்டுகிறேன். காப்பியும் உண்டு.

ஓமலூர் கிரானைட்:

பேப்பர் எழும்புவது உண்மைதான் ஐயா, தண்ணீரை ஒட்டத் துடைத்துவிட்டு விரித்தால் குறையும். சண்டை வேண்டாம்.

ஆசாரி அண்ணா, புதுத் தகடு வாங்கினாலும் மெல்லிசு ரகம் என்றால் அடியில் கொடுக்க கிரானைட் துண்டு தருகிறேன். 20 எம்எம் கனம், பாலிஷ் செய்த முகம். மட்டம் பார்க்க வைத்திருக்கும் சர்ஃபேஸ் பிளேட் அளவுக்குத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிளைவுட் மாதிரி தண்ணீரில் உப்பாது. எதை நம்புவது என்று சந்தேகம் வந்தால் மூன்று துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் ஆகிப் பொருந்திவிடும், உங்கள் கல்லும் தகடும் செய்த அதே திருட்டு. மூன்றாவது ஒன்றை வைத்து மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் மட்டமானால்தான் மூன்றும் பொருந்தும், வேறு வழியே இல்லை. ஸ்கேல் இல்லாமலே மட்டம் பிறக்கிற வித்தை அது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இரும்புத் தகட்டில், தேய்ப்பதற்குப் பதில் மேட்டைச் சுரண்டி எடுத்து, இதே மூன்று தகடு முறையைச் செய்து மெஷின் தொழிலையே மாற்றினார்.

அம்மாபேட்டை ஆசாரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடுவில் ஒரு கிரகப்பிரவேச வேலை மாட்டிக்கொண்டது.

பழைய தகட்டைப் பிளையிலிருந்து உரித்தேன். மேல் ஏடு தகட்டோடேயே வந்துவிட்டது, உள்ளே கறுத்து நாற்றம். புதிதாக 140 வாங்கினேன். கனமான அலுமினியத்தின் மேல் ஒட்டி வருகிற ரகம், விலையைக் கேட்டு ஒருநாள் தூக்கம் வரவில்லை. வந்ததும் முதல் வேலையாக ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நீளத்திலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும். வெளிச்சம் இல்லை. கொலுசுத் தம்பி சொன்ன மாதிரி பழைய இரும்பில் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆரம்பித்தேன்.

கிங் கல்லின் 1000 பக்கம் மட்டமாக இருபத்தைந்து நிமிடம் ஆனது. தண்ணீர் பாத்ரூம் பக்கெட்டில் முக்கால் போனது. செங்கல் கலரில் ஓடின தண்ணீரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னவோ என்று பயந்துவிட்டார். கட்டம் போட்டு, அழித்து, திருப்பி, மறுபடி போட்டு. கடைசி வரை நின்றது நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கம், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு. என் வலது கை அங்கேதான் அழுத்துகிறது போல, நாற்பத்தேழு வயதில் தெரிந்தது. இப்போது தீட்டும்போது மூலைகளுக்கும் கொண்டு போகிறேன், பாதியில் கல்லைத் திருப்பிப் போடுகிறேன்.

உளிகளின் முதுகைச் சரிசெய்யத்தான் நாளானது. ஒன்றேகால் அங்குல உளிக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. கல் மட்டமானது அரை மணியில், கல் கெடுத்தது சரியாக வாரக்கணக்கு. நேற்று ஒரு தேக்கு நிலையில் கீல் பதித்தேன். அட்டை வைக்கவில்லை.

ஒவ்வொரு தடவையுமா, மாதம் ஒரு தடவையா என்ற சண்டையில் இப்போதைக்கு நான் கொலுசுப் பக்கம். தீட்டி முடித்ததும் இருபது இழுப்பு, ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கிச்சன் வேலையில் மாட்டி வாரக்கணக்கில் கல்லையே தொடாத நாள் வந்தால் மேஸ்திரி ஐயா பக்கம் வந்துவிடுவேன்.

அப்பாவின் கல்லைக் கடப்பாவில் போட்டேன், வால்வு பேஸ்ட்டில். கரடு பக்கம் இரண்டு மாலை ஆனது. பேஸ்ட் வற்றும்போதெல்லாம் மண்ணெண்ணெய். தேய்க்கத் தேய்க்க, எத்தனையோ வருடத்துத் தேங்காய் எண்ணெய்ச் சிக்கு வாடை கல்லிலிருந்து கிளம்பியது. பட்டறைப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் உட்கார்ந்திருந்தேன்.

நைஸ் பக்கத்தைத் தொடவில்லை. மேஸ்திரி ஐயா சொன்னது ஞாபகம் வந்து என் குழி உளியை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலக் குழி உளி, தீட்டுகிற சாய்வு வெளிப்பக்கம். அப்படியே உட்காருகிறது. தேக்குக் கதவில் பூ வேலை அப்பாதான் செய்வார், அவருடைய குழி உளிகள் இந்தப் பக்கத்தில்தான் தீட்டப்பட்டிருக்க வேண்டும், நான் சின்னப் பையனாகக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்.

ஓமலூர்த் தம்பி, சனிக்கிழமை தாரமங்கலத்தில் ஒரு அளவு எடுக்க வருகிறேன், வழியில் உங்கள் யூனிட்டுக்கு வரலாமா? மூன்று துண்டு வேண்டும், ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். பழைய 400 தகட்டின் ஓரத்தில் இன்னும் கடி இருக்கிறது, அதை வெட்டி ஒரு துண்டில் ஒட்டி விளிம்பு மழுக்க வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். கிரானைட்டில் எந்தக் கம் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள், ரப்பர் கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஓமலூர் கிரானைட்:

வாங்க அண்ணா. இரண்டு டப்பாவில் வருமே அரால்டைட், அது. ஒட்டுவதற்கு முன்னால் தகட்டின் அடிப்பக்கத்தை வாட்டர் பேப்பரால் சொரசொரப்பாக்கிக்கொண்டு வாருங்கள், மேஸ்திரி ஐயாவுக்கும் சந்தோஷமாக இருக்கும்.